கானாக்கிலிருந்து உபெர்னாவிக் எவ்வளவு தூரம்

கிரீன்லாந்தின் வடகோடியில் இருக்கும் எங்கள் கானாக்கிலிருந்து உபெர்னாவிக் ஏறத்தாழ அறுநூற்றைம்பது கிலோமீட்டர். விமானத்தில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. பனிமூட்டத்துக்கு இந்தக் கணக்கு தெரியாததுதான் இலங்குவாக்கின் வாழ்வில் விழுந்த இடி.

இலங்குவாக் பேர்பெற்ற வேட்டைக்காரன். பனிக்கரடிக்குக் கலங்காதவன், மாமியார் இவாலு வந்தால் படகுக்குப் பின்னால் ஒளிவான். கிறிஸ்துமஸுக்கென்று அவள் மாதக்கணக்கில் தைத்த வெள்ளைத் தோல் பூட்ஸை அவனுடைய வண்டி நாய் தின்று தீர்த்திருந்தது. அன்று பேச்சை நிறுத்தியவள் பேசாமலே செத்தும் போனாள். அந்த வைராக்கியத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கண் கலங்குகிறது.

பிறகு உபெர்னாவிக்கில் கொழுந்தியாள் நிவிக்குப் பெண் பிறந்தது. செத்தவர் பெயரைக் குழந்தைக்கு வைத்தால் எங்களுக்கு அந்த மனிதரே திரும்பி வந்த மாதிரி. இவாலு என்றே வைத்தார்கள். ஆக, பல் முளைக்காத அந்தச் சிசு இனி இலங்குவாக்குக்கு மாமியார். ஞானஸ்நானத்துக்குப் போய்த் தூக்க வேண்டும். அழாவிட்டால் மன்னிப்பு, அழுதால் இன்னொரு ஆயுள் முழுக்கக் கோபம். ஊரே இப்படித் தீர்ப்பெழுதி வைத்திருந்தது.

அவனும் மனைவி அவியாயாவும் மூட்டை முடிச்சோடு விமான நிலையத்துக்குப் போனார்கள். மூட்டம். மறுநாளும் மூட்டம். விமானம் ஒருவேளை வரலாம் என்றார்கள். எங்கள் ஊரில் வராது என்பதை அப்படித்தான் சொல்வார்கள். அந்த நேரம் பார்த்து விரிகுடாவில் நார்வால் திமிங்கிலங்கள் புகுந்துவிட்டதாகச் சேதி வந்தது. நார்வால் வந்தால் எங்கள் ஆண்கள் சவ அடக்கத்தையே பாதியில் விட்டுவிட்டு ஓடுவார்கள். இலங்குவாக்கும் ஓடினான்.

மூட்டம் விலகியது. விமானம் வந்தது. ஈட்டியோடு கயாக் படகில் அசையாமல் உட்கார்ந்திருந்தவனின் தலைக்கு மேலாக, அவியாயாவை மட்டும் ஏற்றிக்கொண்டு அது தெற்கே பறந்தது. அவன் அழுதானாம். திமிங்கிலம் மிரண்டுவிடும் என்று சத்தமில்லாமல் அழுதானாம்.

அடுத்த விமானத்தில் அவன் போய்ச் சேர்ந்தபோது ஞானஸ்நானமும் முடிந்து, காப்பி விருந்தின் கடைசித் துண்டு கேக்கும் தீர்ந்திருந்தது. வாசலிலேயே அவியாயா மறித்தாள்.

"ரெண்டு மணி நேரப் பயணத்துக்கு இத்தனை நாளா? அம்மா கேட்டா என்ன சொல்லுவ?"

"உங்கம்மாவுக்கு இன்னும் பேச்சு வரல. அது வர்றதுக்குள்ள பார்த்துட்டுப் போயிடறேன்."

குழந்தைக்கு ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்த நிவி, அதை அப்படியே தூக்கி அவன் மடியில் வைத்தாள்.

"அத்தை, தப்புதான்," என்றான் அந்த மலைபோன்ற ஆள், குரல் உடைந்து. "அந்த நாயைக்கூட வித்துட்டேன்."

குழந்தை அவனை உற்றுப் பார்த்தது. அழவில்லை. அவன் கண்ணில் நீர் தளும்பிய அதே நேரத்தில் மடியில் வெதுவெதுப்பாக ஏதோ பரவியது. புதுக் கால்சட்டை தொப்பலாக நனைந்தது.

இது மன்னிப்புதான் என்றாள் நிவி. அம்மாவைப் பற்றி உனக்கென்ன தெரியும், இது சுத்தப் பழிவாங்கல் என்றாள் அவியாயா. அக்காவும் தங்கையும் அடித்துக்கொள்ளாத குறை. யாரோ மாற்றுக் கால்சட்டை கொண்டுவந்தார்கள். இலங்குவாக் வாங்கவில்லை.

"எத்தனை வருஷம் கழிச்சு எங்கிட்ட ஏதோ சொல்லியிருக்காங்க. கொஞ்ச நேரம் இருக்கட்டும்."