மின்மாற்றியின் நீலத் தகடு

இந்திய அரசாங்கத்தின் கனரக மின்சாதனத் தொழிற்சாலை ஒன்றில் செய்த மின்மாற்றி, நான் கடிதம் எழுதும் வேலை பார்த்த நெடுந்தீவு மின்நிலையத்தில் வந்திறங்கியது. உப்புக்காற்று முந்தித் துருப்பிடிக்க வைத்துவிடக் கூடாதென்று, முன்பு வள்ளம் ஓட்டிய காவலாளி அன்றே அதற்கு வள்ளத்து நீலப் பெயின்ற் பூசிவிட்டார்.

உத்தரவாதத்தைப் பதிய, மின்மாற்றியில் பதித்திருக்கும் தகட்டிலுள்ள இலக்கம் வேண்டுமென்று தொழிற்சாலை கேட்டது. போய்ப் பார்த்தால் தகடும் நீலம்.

“அண்ணை, தகட்டுக்குமோ பூசினனீங்கள்?”

“ஓம். அது மட்டும் கறள் பிடிக்கட்டோ?”

அது கறளே பிடிக்காத தகடு. எனக்கு விசர் வந்தது. ஒரு மணித்தியாலம் சுரண்டி, இலக்கத்தை எழுதிக்கொண்டு உள்ளே போய் மின்னஞ்சல் அனுப்பினேன். தகட்டைப் படமெடுத்தும் அனுப்பச் சொல்லிப் பதில் வந்தது.

போனோடு வெளியே ஓடினேன். அண்ணை பெயின்ற் தகரத்தை மூடிக்கொண்டிருந்தார்.