ஒலேனாவின் இடது கால் கட்டை விரல்

என் தம்பி தேய்ன் ராக்வுட், சஸ்காட்செவன் சமவெளியில் மிஷனரியாக இருந்த இரண்டு ஆண்டுகளில் நானூறு பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவன். ஏரியில் ஆட்கள் முங்கிய முங்கலில் மீன்களுக்கு இடம் போதாமல் அவை கரையேறி வரிசையில் நின்றன. சரி, நானூறு என்பது கொஞ்சம் கூடுதல். நாற்பது என்றாலும் கூடுதல்தான். ஒருவர். மீன்கள் தண்ணீருக்குள்ளேயே இருந்தன. ஆனால் அந்த ஒருவருக்காக அவன் பட்ட பாடு நானூறு பேருக்கு உரியது. அதனால்தான் எனக்கு அந்த எண் வாயில் வந்துவிடுகிறது.

ஸ்நேக் ஆற்றங்கரையில் எங்கள் ஊரில் எல்லோரும் மார்மன் கிறிஸ்தவர்கள். மார்மன் அல்லாதவர்கள் இரண்டு குடும்பம், அவர்களும் எங்கள் விருந்துகளுக்கு வந்துவிடுவார்கள். பையன்களுக்குப் பத்தொன்பது வயது ஆனால் மதம் பரப்ப இரண்டு ஆண்டு மிஷனுக்குப் போக வேண்டும். யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. மாடு பால் கறக்க நிற்பதற்கு யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா? 1974 செப்டம்பரில் தேய்ன் புறப்பட்டான். ஒரு கோட்டு, அதற்கு இரண்டு கால்சட்டை, சட்டைப்பையில் 'மூப்பர் ராக்வுட்' என்ற பெயர்ப்பட்டை. மீசை சரியாக முளைக்காத மூப்பர்.

"மூப்பரே, காதுக்குப் பின்னால சோப்பு இருக்கு. தொடச்சுட்டு ஊரைத் திருத்தப் போங்க," என்றேன்.

"நீ சும்மா இரு அக்கா. எல்லாரும் பாக்குறாங்க."

பார்க்கத்தான் செய்தார்கள். அவனுடைய படத்தைச் சட்டம் போட்டு ஊர்ச் சபைக் கட்டடத்தின் முன்கூடத்தில் மாட்டியிருந்தார்கள். பெண்கள் பதினொரு வகைப் பலகாரம் கொண்டுவந்தார்கள். அதே சுவரில் முன்பு எங்கள் தெருப் பையன் டெல்மாரின் படம் இருந்தது. ஏழே மாதத்தில் அவன் திரும்பி வந்துவிட்டான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேட்காமைதான் தண்டனை. அவன் வீட்டுக்கு ஒரு கிண்ணம் பச்சை ஜெல்லி கூட எவரும் எடுத்துப் போகவில்லை. தேய்ன் இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவன்.

அங்கே அவனுக்குத் துணைவனாக வாய்த்தவன் குவிஸ்ட். மிஷனரிகள் எப்போதும் இரண்டு பேராகத்தான் இருக்க வேண்டும்; ஒருவர் கண்ணிலிருந்து மற்றவர் மறையக் கூடாது. பல் தேய்ப்பது முதல் பாவ அறிக்கை வரை ஜோடிதான். குவிஸ்ட் மிஷனுக்கு வந்ததில் தேய்னை விட ஏழு மாதம் மூத்தவன். வாய் ஓயாதவன், சட்டையைச் சூடான வாணலியால் தேய்ப்பவன். கதவுகள் சாத்தப்படும்போது சாத்தப்பட்ட கதவைப் பார்த்து வணங்கி, "நல்ல மரம். ஓக் மாதிரி இருக்கு," என்பான். தேய்ன் சிரித்துச் சிரித்து விக்குவானாம். கிழவர்கள் வீட்டு வாசலில் குவிந்த பனியை அள்ளிப் போட்டார்கள், மாடு ஈன முடியாமல் தவித்தபோது ஒருமுறை கன்றின் காலைப் பிடித்து இழுத்தார்கள். அவன் கடிதங்களில் அந்த நாட்கள் துள்ளும். ஆனால் பதினேழு மாதமாகியும் ஒருவரும் ஞானஸ்நானம் பெறவில்லை. கடிதங்கள் ஒவ்வொரு வாரமும் சுருங்கிக்கொண்டே வந்தன.

அப்போதுதான் ஒலேனா பைலுக் வந்தார். அறுபத்தெட்டு வயது, உக்ரேனியக் குடும்பத்தில் பிறந்தவர், கணவர் பெட்ரோ இறந்து மூன்று ஆண்டுகள். முதல் நாள் அவர் தேநீர் ஊற்ற, இவர்கள் தங்கள் சபையில் தேநீர் விலக்கு என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

"தேத்தண்ணி குடிக்காத ஆம்பளைங்களா? உங்க அம்மாக்களுக்கு இது தெரியுமா?" என்றாராம்.

ஆனால் பெட்ரோவோடு என்றென்றைக்கும் சேர்ந்திருக்கலாம் என்று குவிஸ்ட் சொன்னதும் கெண்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டார். ஞானஸ்நானம் வாங்கி ஓராண்டு ஆனதும் ஆல்பர்ட்டாவில் உள்ள எங்கள் ஆலயத்துக்குப் போய், இறந்த கணவரோடு தன்னைச் சேர்த்து முத்திரையிட்டுக்கொள்ளலாம். அதற்காக நாற்பது ஆண்டுத் தேநீரை அன்றே நிறுத்தினார். ஆலயத்துக்கு வேண்டிய வெள்ளை அங்கியை அடுத்த வாரமே வெட்டித் தைக்கத் தொடங்கிவிட்டார்.

ஒரே ஒரு சிக்கல், தண்ணீர். சிறுமியாக இருந்தபோது தம்பி குட்டையில் மூழ்கிப் போனதைக் கரையிலிருந்து பார்த்தவர் அவர். எங்கள் ஞானஸ்நானமோ தலையில் தெளிப்பது அல்ல. உடம்பு முழுவதும் தண்ணீருக்குள் போக வேண்டும். இரண்டு சாட்சிகள் அருகில் நின்று பார்ப்பார்கள். ஒரு முடிக்கற்றை, ஒரு விரல் நுனி மேலே நின்றாலும் செல்லாது; மறுபடி முங்க வேண்டும்.

பிப்ரவரி மாதம், வெளியே எச்சில் துப்பினால் கல்லாக விழும் குளிர். அந்தச் சிறிய சபைக்குத் தொட்டி கிடையாது. சபைத் தலைவர் லுண்ட் பால் பண்ணைக்காரர். மாடுகள் தண்ணீர் குடிக்கும் தகரத் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, தன் வீட்டு நிலவறையில் வைத்து வெந்நீர் நிரப்பினார். குவிஸ்ட் இரண்டு நாளில் ஊர் திரும்ப வேண்டியவன். இரண்டு ஆண்டில் அவனுக்கு இது முதலும் கடைசியும். அதனால் அவன் தொட்டிக்குள் இறங்கினான். லுண்டும் தேய்னும் சாட்சிகள்.

முதல் முறை முழங்கை மேலே நின்றது. இரண்டாம் முறை முழங்கால். ஒலேனா இருமினார், நடுங்கினார், குவிஸ்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு தன் மொழியில் தம்பி பெயரைச் சொல்லி அழுதார். "இன்னொரு தடவை. இதுக்கு மேல என்னால முடியாது," என்றார். மூன்றாம் முறை முங்கினார். லுண்டின் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை.

"நீ பாத்தியா? முழுசா முங்கினாங்களா?" என்று லுண்ட் தேய்னைக் கேட்டார்.

தேய்ன் பார்த்திருந்தான். தொட்டியின் மறுமுனையில், ஒலேனாவின் இடது கால் கட்டை விரல், முளைவிட்ட உருளைக்கிழங்கு போல, தண்ணீருக்கு மேலே ஒரு கணம் நின்றது.

"முங்கிட்டாங்க. முழுசா," என்றான்.

எல்லோரும் பாடினார்கள். ஒலேனா துண்டுக்குள் சுருண்டு உட்கார்ந்து, "குழந்தை மாதிரி இருக்கேன்டா, புதுசாப் பொறந்த குழந்தை மாதிரி," என்று தேய்னின் கையைப் பிடித்துக்கொண்டாராம். மறுநாள் கசகசா ரொட்டி சுட்டுக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்துத்தான் அதை விழுங்கியதாகப் பின்னால் எனக்கு எழுதினான்.

ஊருக்கு அவன் எழுதிய கடிதத்தில் 'சகோதரி ஒலேனா ஞானஸ்நானம் பெற்றார்' என்று மட்டும் இருந்தது. அம்மா அதை ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று வாசித்தாள். தகப்பன் பிணத்துக்கு முன்னால்கூட அழாத எங்கள் அப்பா மூக்கைச் சிந்தினார். அதே அஞ்சலில் எனக்குத் தனியாக ஒரு கடிதம் வந்திருந்தது. அம்மா வாசித்துக்கொண்டிருந்தபோது அது என் கைப்பையில் இருந்தது. "அக்கா, யார்கிட்டயும் சொல்லாதே," என்று தொடங்கி, விரல் வரை எல்லாவற்றையும் எழுதியிருந்தான்.

நான் பெரிய புத்திசாலி மாதிரி பதில் எழுதினேன்: "கால் விரல்தானேடா. பாவம் எல்லாம் கட்டை விரல்லயா போய் ஒட்டியிருக்கும்? கடவுளுக்கு வேற வேலை இல்லையா?"

அவன் ஒரு வரியில் பதில் போட்டான்: "நீ பாக்கல. நான் பாத்தேன்."

சொன்னால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். அந்தக் கிழவி மறுபடி தண்ணீருக்குள் போக வேண்டும். குவிஸ்டின் ஒரே ஞானஸ்நானம் இல்லாமல் போகும். பொய்ச் சாட்சி சொன்னதற்குத் தன்னை ஊருக்கு அனுப்பினாலும் அனுப்புவார்கள். முன்கூடத்துப் படம் இறங்கும். சொல்லாவிட்டால், செல்லாத ஞானஸ்நானத்தை நம்பி அந்த அம்மாள் பெட்ரோவைத் தேடி ஆலயம் போவார். ஒவ்வொரு ஞாயிறும் அவர் கண்ணை மூடி அப்பத்தையும் தண்ணீரையும் வாங்குவதைப் பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்தான். ஏப்ரலில் அவனை முந்நூறு மைல் தள்ளி வேறு ஊருக்கு மாற்றினார்கள். தப்பித்துவிட்டான் என்று நான் நினைத்தேன். அங்கே கதவு திறந்தால் அவனுக்கு வாய் வரவில்லை. புதுத் துணைவன் கிம்பர்தான் எல்லாவற்றையும் பேசினான். இரண்டு கால்சட்டையும் இடுப்பில் நிற்காமல் நழுவின.

ஜூலையில் மிஷன் தலைவர் அவனைத் தனியே கூப்பிட்டு, உடம்புக்கு என்ன என்று கேட்டார். சொல்லிவிட்டான்.

"அவங்களுக்குக் கடிதம் எழுதட்டுமா?" என்று தேய்ன் கேட்டான்.

"பொய்ய நேர்ல நின்னு சொன்னே. இதையும் நேர்ல நின்னு சொல்லு. நாளைக்குக் காலைல பஸ் இருக்கு. வீட்டுக்கு அனுப்புறதா வேணாமான்னு அதுக்கு அப்புறம் பாக்கலாம்."

கிம்பரையும் கூட்டிக்கொண்டு போனான். ஒலேனா சமையலறையில் அங்கியின் கழுத்துப்பட்டியைத் தைத்துக்கொண்டிருந்தார். தேய்னைக் கண்டதும் எழுந்து, "எலும்பும் தோலுமா வந்து நிக்கிற! அங்க உனக்கு யாரும் சோறு போடலையா?" என்று ரொட்டியை எடுக்கப் போனார். அவன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னான்.

முதலில் சிரித்தார். பிறகு இடது கால் செருப்பைக் கழற்றி, பாதத்தைப் பார்த்தார்.

"இந்த விரலா?"

"அதுதான்."

"அன்னைக்கே பாத்தியா?"

"பாத்தேன்."

"ரெண்டு மாசம் என் பக்கத்துல உக்காந்திருந்தியே. என் ரொட்டியத் தின்னியே."

"பயந்துட்டேன், சகோதரி. நீங்களும் அன்னைக்கு ரொம்ப..."

"என் பயத்தை நான் பாத்துக்குவேன். அதைத் தூக்கிட்டுப் போக உன்னைக் கூப்பிட்டேனா?" என்றவர், மேசையில் கிடந்த அங்கியைப் பார்த்து மெல்லக் கேட்டார்: "அப்போ ஆலயம்? அந்த ஒரு வருஷம்?"

"மறுபடி வாங்கின நாள்லேருந்து எண்ணணும்."

ஒலேனா அலமாரியின் மேல்தட்டிலிருந்து பழைய கெண்டியை இறக்கினார். தண்ணீர் கொதிக்கும் வரை மூவரும் நின்றார்கள். ஒரே ஒரு கோப்பையில் தேநீர் ஊற்றி, அவர்கள் முன்னால் நின்றே கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"ஞானஸ்நானம் வாங்காதவ குடிக்கலாம் இல்ல? வெளிய போங்க."

மிஷன் தலைவர் தேய்னை ஊருக்கு அனுப்பவில்லை. தேய்ன் குவிஸ்டுக்கு எழுதினான். குவிஸ்ட் பதில் போடவில்லை, இன்றுவரை. சாத்திய கதவுக்கெல்லாம் வணக்கம் சொன்னவன் தானும் ஒன்றைச் சாத்திக்கொண்டான். வீட்டுக்கும் தேய்ன் உண்மையை எழுதினான். அம்மா அந்தக் கடிதத்தை மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். அது சபையில் வாசிக்கப்படவில்லை. "தம்பிகிட்டேருந்து சேதி உண்டா?" என்று கேட்டவர்களுக்கு, "அங்க இப்ப நல்ல வெயிலாம்," என்றாள்.

ஏழு வாரம் கழித்து லுண்டிடமிருந்து ஒரு அட்டை வந்தது. "சகோதரி ஒலேனா சரின்னு சொல்லிட்டாங்க. தொட்டி வேணாமாம், ஏரிதானாம். நீதான் இறக்கணுமாம். தேநீரை விட்டு ரெண்டு வாரம் ஆகுது."

செப்டம்பர் முதல் வாரம். ஏரி அதற்குள் சில்லிட்டிருந்தது. லுண்ட் கண்ணாடியை மூன்று முறை துடைத்தார். கிம்பர் படகுத்துறைப் பலகையில் குப்புறப் படுத்து, மூக்கு தண்ணீரில் படும்படி பார்த்தான். ஒலேனா ஒவ்வொரு அடிக்கும் தேய்னின் மணிக்கட்டை நெரித்துக்கொண்டு இடுப்பளவு ஆழத்துக்கு வந்தார். ஜெபத்தில் ஒரு சொல் தடுமாறியது. "முதல்லேருந்து சொல்லு," என்றார் லுண்ட். தேய்ன் முதலிலிருந்து சொன்னான். தன் காலால் அவருடைய பாதங்களை மெல்ல அழுத்திக்கொண்டு, சாய்த்து இறக்கினான். தலை, முழங்கை, முழங்கால், பத்து விரல்கள். ஏரியே இரண்டு அடி உயர்ந்தது. சரி, உயரவில்லை. சாட்சிகள் இருவரும் ஒரே குரலில், "முழுசா," என்றார்கள்.

மாத முடிவில் தேய்ன் ஊர் வந்தான். படம் சுவரிலேயேதான் இருந்தது. அவன் அந்தப் பக்கம் பார்க்காமல் நடப்பான். ஒலேனா அடுத்த இலையுதிர்காலத்தில் ஆலயம் போய் பெட்ரோவோடு முத்திரையிட்டுக்கொண்டார் என்று லுண்டுதான் எழுதினார். ஒலேனா ஒரு வரியும் எழுதவில்லை. இருந்தாலும் அன்று ஏரியில், தண்ணீரிலிருந்து எழுந்ததும், அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தேய்னின் கன்னத்தில் கை வைத்தார். அதுவே மன்னிப்பு என்று நான் நாற்பது ஆண்டுகளாக எல்லோருக்கும் சொல்லி வருகிறேன்.

இதை எழுதி முடித்து உரக்க வாசித்தேன். எதிரே உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த தேய்ன் கத்தியைக் கீழே வைத்தான்.

"கன்னத்துல கை வச்சது நிஜம்தான் அக்கா. ஆனா அது அறை. காது ரெண்டு நாள் கேக்கல. அறைஞ்சதுக்கு அப்புறம்தான் துண்டு கேட்டாங்க."