வெள்ளியை இழுத்துப் பிடித்தவன்

ஊரெல்லாம் தவக்கால நோன்பை முடித்து வயிறாரச் சாப்பிடும் நாளில்தான் பத்திநாதனின் நோன்பு தொடங்கும். ஈஸ்டர் ஞாயிறன்று தோட்டத்து லய வீடுகளின் எல்லா அடுப்பிலும் ஆட்டுக்கறி கொதிக்கும். அவன் மட்டும் ஒரு துண்டு கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்டீ குடிப்பான். நுவரெலியாவில் ஏப்ரல் குதிரைப் பந்தயம் வந்துவிட்டால் ஜாக்கியின் உடம்பு தராசுக்குச் சொந்தம். கல்யாணமான முதல் வருஷம் மரியநாயகி அதைப் பார்த்து அழுதாள். பிறகு பழகிக்கொண்டாள். அந்த நாட்களில் மட்டும் கறியைத் தாளிக்காமலே இறக்கிவிடுவாள், வாசனை அவனைத் தேடிப் போகக் கூடாதென்று.

அவன் ராகலைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். வயது வந்தும் உயரம் வரவில்லை. உரமூட்டையைத் தூக்கிக்கொண்டு அவன் நடந்தபோது, மூட்டைக்குக் கால் முளைத்துவிட்டது என்று வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் சொல்லிச் சிரித்தாராம். தோட்டத்தை நடத்திய ஹார்ட்லி துரை சிரிக்கவில்லை. ஆளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, மறுநாளே தன் பங்களாக் குதிரைகளிடம் அனுப்பிவைத்தார். அப்படித்தான் அவன் சேணத்தில் ஏறினான்.

துரையின் குதிரைகளில் பெயர் பெற்றது ஒரு சாம்பல் நிறப் பெண்குதிரை. பந்தயப் புத்தகத்தில் அதற்கு ஈவினிங் ஸ்டார் என்று பெயர். குதிரை பார்க்கும் மாயாண்டி அதை வெள்ளி என்று கூப்பிட்டார். தோட்டமும் அப்படியே கூப்பிட்டது. கொழும்பு மைதானத்திலும் மலையிலும் அது வென்ற கோப்பைகள் பங்களாவின் கண்ணாடி அலுமாரியில் வரிசையாக நின்றன.

பந்தயம் இல்லாத மாதங்களில், ஏற்றத்தில் நடந்தால் கால் உரம் பெறும் என்று, பத்திநாதன் வெள்ளியைக் காலையில் மலைக்கு நடத்திக்கொண்டு போவான். கொழுந்து பறிக்கும் பெண்கள் வரிசையாக முன்னே போவார்கள். கடைசி ஆளாக மரியநாயகி போவாள். அவள் முதுகில் ஆடும் கூடையைப் பார்த்தபடி வெள்ளி பின்னால் போகும். பனிமூட்டத்தில் பெண்கள் மறைந்துபோனால், அந்த வெண்மைக்குள் கூடை மட்டும் தெரியும்; அதுவே வெள்ளிக்குப் போதும். பெண்கள் நின்றால் வெள்ளியும் நிற்கும். அதை முன்னால் விட்டால் நாலடி போய், தலையைத் திருப்பி, எல்லாரும் வரட்டும் என்று காத்திருக்கும். பத்திநாதனுக்கு அது அழகாகத் தெரிந்தது. இரண்டு வருஷம் அப்படியே நடத்தினான்.

அந்தப் பழக்கம் மைதானத்துக்கும் வந்தது. முன்னால் ஒரு குதிரை ஓடினால் வெள்ளி காற்றாய்ப் பறக்கும். எல்லாவற்றையும் தாண்டித் தனியாகிவிட்டாலோ, காதை விறைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்க்கத் தொடங்கிவிடும். சவுக்கைத் தொட்டால் ரோஷப்பட்டு நின்றேவிடும்.

“எல்லாம் நீ பண்ணுன வேலை தம்பி,” என்றார் மாயாண்டி. “ரேஸ் குதிரைய கொழுந்துக்காரியாக்கிப்புட்டே. இனி அதுக்கும் ஒரு கூடை வாங்கிக் குடு.”

ஆகவே பத்திநாதன் அதை மறைத்து ஓட்டினான். கடைசி வளைவு தாண்டும்வரை வேறொரு குதிரையின் வாலுக்குப் பின்னால் வைத்திருந்து, பந்தயம் முடியும் கம்பம் நெருங்கும்போது மட்டும் வெளியே எடுப்பான். பல தடவை அது பலித்தது. போன வருஷம் பெரிய கோப்பையில் பலிக்கவில்லை. எடுக்கப் பிந்திவிட்டது, மூக்கு நீளத்தில் தோல்வி.

துரை அதை மறக்கவில்லை. 1954 ஏப்ரலில், பந்தயத்துக்கு முன், சேணம் கட்டும் இடத்தில் தன் தோட்டத்துத் தமிழில் கட்டளை போட்டார். ஒளிந்து விளையாடுவதெல்லாம் போதும், வளைவிலிருந்தே முன்னால் போக வேண்டும். இன்றைக்கும் தோற்றால், இப்போது செங்குதிரையை ஓட்டும் கொழும்பு ஜாக்கி இனி வெள்ளியின் மேல் ஏறுவான். பத்திநாதன் தலையாட்டினான். கொழும்பு ஜாக்கியின் கை சவுக்கு இல்லாமல் இருந்ததே இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

பசி ஓர் எல்லையைத் தாண்டினால் வலிக்காது. உடம்பு எங்கோ ஒதுங்கிப்போய் நிற்கும். சத்தங்கள் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல வரும். வெள்ளியின் மேல் ஏறி உட்கார்ந்தபோது அவனுக்கு அப்படித்தான் இருந்தது. பிதுருதலாகலை மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கி, மைதானத்தை ஒரு பக்கமாக மூடிக்கொண்டு வந்தது. பந்தல்களில் சீமாட்டிகளின் தொப்பிகள் பூக்களாய்த் தெரிந்தன, மறைந்தன, மறுபடி தெரிந்தன. மரியநாயகி மைதானத்தின் அந்தப் பக்கத்தில், காசில்லாமல் பார்க்கும் கூட்டத்தோடு வேலியோரம் எங்கோ நிற்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

கொடி விழுந்தது. கறுப்புக் குதிரை ஒன்று முன்னே பாய்ந்தது. பத்திநாதன் துரையின் கட்டளையை மறக்கவில்லை. ஆனால் கைகள் தம் பாட்டுக்கு வெள்ளியை அந்தக் கறுப்பு வாலுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தன. அங்கே அதற்கு நிம்மதி. பனிக்குள் அது ஓடியது ஓட்டமாகவே இல்லை. குளம்பு புல்லைத் தொட்டதாகத் தெரியவில்லை. தன் கனம் எங்கே போனது என்று அவனுக்குப் புரியவில்லை. இப்படியே மலையின் மறுபக்கம்வரை போய்விடலாம் போலிருந்தது.

வளைவில் அந்தக் கனவு கலைந்தது. கறுப்புக் குதிரைக்கு மூச்சு விட்டுப்போயிற்று. அது ஒரேயடியாகத் தளர்ந்து ஒதுங்க, வெள்ளியின் முன்னால் ஒன்றுமே இல்லாமல் போனது. வெறும் புல், வெறும் வெண்மை. கம்பம் இன்னும் தூரத்தில் இருந்தது. பந்தலில் ஆரவாரம் எழுந்தது. துரை கேட்ட இடத்தில் துரையின் குதிரை இருந்தது, தன்னந்தனியாக.

வெள்ளியின் காதுகள் விறைத்தன. பாய்ச்சல் அவன் முழங்காலுக்கடியில் லேசாகத் தளர்வதை உணர்ந்தான். பின்னால், பனிக்குள், கொழும்பு ஜாக்கியின் செந்நிறக் குதிரை வரும் சத்தம் கேட்டது. இப்படியே விட்டால் வெள்ளி கம்பத்துக்குக் கிட்டப் போய் வேடிக்கை பார்க்க நிற்கும். செங்குதிரை ஒரே வீச்சில் தாண்டிவிடும். பிறகு விழித்துக்கொள்ள இடம் இருக்காது.

பத்திநாதன் கடிவாளத்தை இழுத்தான்.

இரண்டே பாய்ச்சலுக்குத்தான் இழுத்தான். ஆனால் பார்க்கத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் அது தெரிந்தது. வேலியோரக் கூட்டத்திலிருந்து, இழுக்கிறான், காசு வாங்கிக்கொண்டு இழுக்கிறான் என்று கூச்சல் கிளம்பியது. மாயாண்டி தோள் துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார்.

செங்குதிரையின் மூக்கு அவன் முழங்காலுக்கு வந்தது. பிறகு வெள்ளியின் கழுத்துக்கு வந்தது. பிறகு தாண்டியது. வெள்ளியின் ஒரு காது பின்னால் மடிந்தது. இப்போது அதற்குத் துணை இருந்தது. பின்தொடர ஒரு கழுத்து இருந்தது. இழுத்த இடத்தில் சேர்த்துவைத்த மூச்சும் இருந்தது. பத்திநாதன் கடிவாள வாரைத் தளர விட்டு, பிடரிமயிருக்குள் முகத்தை வைத்து, “போம்மா,” என்றான்.

இரண்டு தலைகளும் ஒன்றாய்க் கம்பத்தைக் கடந்தன. யார் வென்றதென்று குதிரைகளின் மேலே இருந்த இரண்டு பேருக்குமே தெரியவில்லை. அவன் குதிரையைத் திருப்பி மெல்ல நடத்தி வந்தான். வென்ற குதிரையின் எண்ணை ஏற்றும் பலகையைப் பனி மூடியிருந்தது. கூட்டம் கூச்சல் போடுவதை விட்டுவிட்டு அந்த வெண்மையையே பார்த்துக்கொண்டு நின்றது. வெகு நேரம் கழித்து, கயிறு கிறீச்சிட, ஓர் எண் மேலே ஏறியது. வெள்ளியின் எண்.

ஆனால் அவனைத் தூக்கிக் கொண்டாட யாரும் வரவில்லை. சேவகன் ஒருவன் வந்து, பந்தய அதிகாரிகள் கூப்பிடுவதாகச் சொன்னான்.

அறைக்குள் நீள மேசைக்குப் பின்னால் துரைமார் மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் ஆங்கிலத்தில் கேட்டதை ஒரு கிளாக்கர் தமிழில் சொன்னார். முன்னால் போன குதிரையை ஏன் இழுத்தாய், யார் சொல்லி இழுத்தாய் என்பதே கேள்வி. பதில் சரியில்லையென்றால் இனி எந்த மைதானத்திலும் ஏற முடியாது என்பதையும் கிளாக்கர் தன் பங்குக்குச் சேர்த்துச் சொன்னார்.

“அது தனியா ஓடாதுங்க,” என்றான் பத்திநாதன். “முன்னுக்குப் போயிட்டா, எல்லாரும் வரட்டும்னு நின்னுரும். அதான் பக்கத்துல ஒருத்தர வரவிட்டேன்.”

கிளாக்கர் அதை ஆங்கிலத்தில் சொல்லக் கொஞ்சம் தடுமாறினார். வயதில் மூத்தவர், தோற்றிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டார்.

“ஒங்க முன்னுக்கு நின்னு இதையேதாங்க சொல்லியிருப்பேன். நீங்க நம்பியிருக்க மாட்டீங்க.”

மூத்தவர் சிரித்துவிட்டுப் பேனாவை மூடினார். போகலாம் என்றார்கள்.

வெளியே ஹார்ட்லி துரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

“நான் என்னா சொன்னே?”

“முன்னுக்குப் போகச் சொன்னீங்க தொரை.”

“நீ போனியா?”

“போனேன் தொரை. போயிட்டுத்தான் திரும்பி வந்தேன்.”

துரையின் முகத்தில் கோபம் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. “அடுத்த தரம் முன்னமே சொல்லு,” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். மீதியெல்லாம் பத்திநாதன் காதில் விழவேயில்லை. அடுத்த தரம் என்ற சொல் மட்டும் விழுந்தது. முன்கூட்டியே எப்படிச் சொல்வது? வளைவு வரும்வரை அவனுக்கே தெரியாதே. அதைக் கேட்க துரை அங்கே இல்லை.

மாலை ராகலை பஸ்ஸில் மரியநாயகி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மடியில் அவித்த மரவள்ளிக்கிழங்குப் பொட்டலம். அவன் இரண்டு துண்டு தின்றதுமே கண் சொருகியது.

“நான் ஒண்ணும் பாக்கல,” என்றான். “நீ பாத்ததச் சொல்லேன்.”

“எங்கேருந்துங்க சொல்ல?”

“கொடி விழுந்ததிலேருந்து.”

அவள் சொல்லத் தொடங்கினாள். கறுப்புக் குதிரை போனதை, பனி மூடியதை, பக்கத்தில் நின்றவன் ஏசியதற்குத் தான் திருப்பி ஏசியதைச் சொன்னாள். பஸ் வளைந்து வளைந்து இறங்கியது. செங்குதிரை கிட்ட வந்த இடத்தில் அவன் தலை அவள் தோளில் சாய்ந்துவிட்டது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள், ஆனால் நிறுத்தவில்லை. முன் ஆசனத்தில் இருந்தவர்கள் திரும்பி உட்கார்ந்து கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.