மூக்கு எந்தப் பக்கம்

டிசா ஆற்றங்கரைக்காரர்களுக்குச் சைக்கிளை நிமிர்த்தி வைத்து வேலை பார்க்கத் தெரியாது. சீட்டும் ஹேண்டில்பாரும் தரையில் ஊன்றத் தலைகீழாய்க் கவிழ்த்தால்தான் கை வரும். எதெல்காவும் அப்படித்தான். பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பேருக்கு சூப் வைக்கிறவள். எதையும் அடி வரைக்கும் துழாவிப் பார்க்காமல் விடமாட்டாள்.

மார்ச்சில் கணவன் லோரின்ட்ஸுக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கிப்போக, வீட்டின் இரண்டு சைக்கிள்களும் அவள் பொறுப்பாயின. மாதம் ஒருமுறை செயினைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, எண்ணெய் விட்டு மறுபடி மாட்டுவாள். லோரின்ட்ஸ் கழற்றிய காலத்தில் ஒரு கண்ணியின் ஆணியைத் தட்டி எடுத்து, அதையே திரும்ப அடித்து வைப்பான். தட்டி எடுத்த ஆணிக்குப் பழைய பிடி வராது என்று அவனோடு ஒரு வாரம் மல்லுக்கட்டி, ஆணியைத் தட்டாமலே செயினின் இரு முனையையும் இணைக்கிற செயின் லாக்கை அவள் கடையில் வாங்கி வந்தாள். அதன்மேல் மீன் மாதிரி ஒரு சின்ன கிளிப். ஒரு முனை மூடிய மூக்கு, மறுமுனை பிளந்த வால். மூக்கு முன்சக்கரத்தைப் பார்க்க வேண்டும் என்று உறையில் படம் போட்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் அப்படியே மாட்டினாள்.

மாட்டி என்ன? கோடை முடிவதற்குள் அவளுடைய கிளிப் மூன்று முறை காணாமல் போயிற்று. மூன்றாவது முறை ரொட்டிக் கடை வாசலில், வரிசையில் நின்ற சனமெல்லாம் பார்க்க, செயின் கழன்று விழுந்தது. செயினுக்கு வயதாகிவிட்டது என்றார்கள் சிலர். செயின் நன்றாகத்தான் இருக்கிறது, ஏறுகிறவள்தான் கனத்துவிட்டாள் என்றான் படகுத்துறைக்காரன். கேலி அவளை ஒன்றும் செய்யவில்லை. ஏன் கழல்கிறது என்பதுதான் மண்டையைக் குடைந்தது.

ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை, அக்கரையில் தங்கையைப் பார்க்கக் கிளம்பிய லோரின்ட்ஸுக்குச் செயினை மாட்டிக் கொடுத்தாள். அவன் போனதும் தன் சைக்கிளைக் கவிழ்த்தாள். மிளகாய் கோக்கும் சிவப்பு நூலில் ஒரு துண்டை மேலே தெரிந்த கண்ணியில் கட்டி, பெடலைக் கையால் சுற்றினாள். நூல் முன்சக்கரம் பக்கம் போகும் என்று பார்த்தால், பின்சக்கரம் பக்கம் போயிற்று. இன்னொரு தடவை சுற்றினாள். அப்போதும் அப்படியே.

உறையை எடுத்துப் பார்த்தாள். படத்துச் சைக்கிள் சக்கரத்தில் நின்றது, கிளிப் செயினின் முன்னால் ஓடும் மேல்பாதியில் இருந்தது. கவிழ்த்த சைக்கிளில் மேலே தெரிவது செயினின் கீழ்ப்பாதி. அது ஓடுவது பின்னால். ஆக, கோடை முழுக்க மூக்கு பின்னாலும் பிளந்த வால் முன்னாலுமாக ஓடியிருக்கிறது. எதிலாவது வால் உரசினால் போதும், கிளிப் தானே கழன்றுவிடும். அட, இவ்வளவுதானா என்று வாய்விட்டுச் சிரித்தாள்.

சிரிப்பு பாதியில் நின்றது. சற்றுமுன் இதே கைதானே அவனுக்கும் மாட்டியது?

அவன் சைக்கிளில் பெடலைப் பின்னால் அழுத்தினால்தான் பிரேக். செயின் போனால் பிரேக்கும் போச்சு. படகுத்துறைச் சரிவோ கரையிலிருந்து நேரே தண்ணீருக்குள் இறங்குகிறது. ஆற்றங்கரையில் பிறந்தும் லோரின்ட்ஸுக்கு நீச்சல் தெரியாது. குறடு ஒன்றையும் புதுக் கிளிப் ஒன்றையும் ஏப்ரனில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

கரை மேட்டில் அவனைக் கண்டாள். படகு வரும்வரை அங்கே காத்திருந்துவிட்டு, அப்போதுதான் சைக்கிளைத் தள்ளியபடி சரிவில் இறங்கத் தொடங்கியிருந்தான். மூச்சு வாங்க அவனை மேலே கூப்பிட்டு, ஏன் நடக்கிறாய் என்று கேட்டாள்.

"இங்க எப்பவும் நடந்துதான் போவேன்."

"எப்பவும்னா?"

"மார்ச்சுலேர்ந்து."

உயிர் பிழைத்தவன்மேல் இப்படிக் கோபம் வரும் என்று அவள் நினைத்ததில்லை. "நம்பிக்கை இல்லன்னா வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"சொன்னா மாட்டுறதயே விட்டுடுவ. எனக்கு விரல் மடங்கல. அப்புறம் நான் வீட்டோடதான் கெடக்கணும்."

அவளுக்கு மனசு வலித்தது. ஆனால் பொய் சொல்ல வரவில்லை.

"நீ நம்பாததுதான் சரி. தப்பாத்தான் மாட்டியிருக்கேன்."

மேட்டிலேயே சைக்கிளைக் கவிழ்த்தாள். பழைய கிளிப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, புதியதை மூக்கு பின்சக்கரத்தைப் பார்க்க வைத்துக் குறட்டால் அழுத்தினாள். இரண்டு ஆணியின் பள்ளத்திலும் அது உட்கார்ந்ததை நகத்தால் தடவிப் பார்த்தாள். நிமிர்த்தி, லாக்கை மேலே கொண்டுவந்தபோது மூக்கு முன்னால் நின்றது. சமதளத்தில் தானே ஏறி இரண்டு முறை பிரேக் பிடித்தாள், பிடித்தது.

"இப்ப ஏறு."

லோரின்ட்ஸ் தண்ணீரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். ஏறி, பெடலைப் பின்னால் அழுத்தியபடியே சரிவில் இறங்கினான். அவன் கால் படகுப் பலகையில் ஊன்றும் வரை எதெல்கா கையிலிருந்த குறட்டை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.