கொக்கி இல்லாத நாடாப்புழு

பறவைக் குடலில் கிடக்கும் நாடாப்புழுவை வகைப்படுத்த அதன் தலை வேண்டும். உடம்பு ஒரு முழம் இருந்தாலும் போதாது. கடுகைவிடச் சிறிய தலையில் எத்தனை கொக்கி, என்ன வடிவம் என்று பார்த்துத்தான் பெரும்பாலும் இனத்தைச் சொல்ல முடியும். பறவை செத்த உடனே எடுத்துவிட வேண்டும். நாளானால் கொக்கிகள் உதிர்ந்துபோகும். இது என் பிஎச்.டி. கைடுக்குத் தெரியாது என்று சொன்னால், அது நான் அவருக்குச் செய்கிற மரியாதை.

அவர் நுண்ணோக்கியில் கண் வைத்து வருடக்கணக்காகியிருந்தது. புது இனம் கண்டுபிடிக்கிற பைத்தியம் மட்டும் விட்டபாடில்லை. கரமனை ஆற்றங்கரையில் இரண்டு நாளாகச் செத்துக் கிடந்த நீர்க்காகத்தை யாரோ பையில் போட்டுக் கொண்டுவந்தார்கள். நாற்றத்துக்கு ஜன்னல்களையெல்லாம் திறந்துவைத்தேன். அதிலிருந்து எடுத்த புழுவின் தலையில் ஒரு கொக்கிகூட இல்லை. மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. கொக்கியே இல்லாத புது இனம் என்று மதியத்துக்குள் பக்கத்துத் துறை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அசட்டுத்தனத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா?

குடலைக் கழுவிய கிண்ணத்தின் அடியில் தேடினேன். உதிர்ந்த கொக்கிகள் பதினேழு கிடைத்தன. கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்தார். கிண்ணத்தை வாஷ்பேசினில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டார்.

“கொக்கி இப்போ இல்லல்லோ. உன் தீசிஸிலே நான் கையெழுத்துப் போடணுமா வேண்டாமா? அதை ஓர்மை வச்சுக்கோ.”

ஐந்து வருடம் செத்த பறவைகளோடு மாரடித்தவள் நான். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் அத்தனையும் பாழ். புது இனம் என்று அவர் எழுதிய கட்டுரையில் அவர் பெயருக்குக் கீழே என் பெயரையும் சேர்க்கச் சம்மதித்தேன். வாயை மூடிக்கொண்டதற்குக் கூலியாக, புழுவுக்கே என் பெயரை வைத்தார். அம்மா பாயசம் வைத்தாள். பெண்ணின் பெயரை ஏதோ ஒரு பறவைக்கு வைத்திருக்கிறார்கள் என்று அக்ரகாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

சார் ஓய்வுபெற்றுவிட்டார். அவர் நாற்காலியில் இப்போது நான். போன மாதம் வடக்கே எங்கோ ஓர் ஆராய்ச்சி மாணவி மிகப் பணிவாக மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். அந்தப் பறவை செத்து நாளாகியிருக்குமோ, கொக்கிகள் உதிர்ந்திருக்குமோ, அப்படியானால் இனத்தின் பெயரையே நீக்க வேண்டியிருக்குமே என்று கேட்டிருந்தாள். பாவி, சரியாகப் பிடித்துவிட்டாள்.

பறவை அன்று காலையில்தான் செத்தது என்று பதில் எழுதினேன். கிண்ணத்தின் அடியிலும் நானே தேடிப் பார்த்தேன், ஒன்றுமில்லை என்றும் எழுதினேன்.