பூனை செய்த இடமாற்றம்

ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவில் அவளுக்குப் பூனை என்று பெயர். குட்டியைக் கவ்விக்கொண்டு சத்தமில்லாமல் இடம் மாற்றுவது மாதிரிதான் அவள் வேலை என்று யாரோ வைத்தது, ஒட்டிக்கொண்டது.

சர்வர் அறையில் நிற்கும் பெரிய கணினிகளுக்குள் மென்பொருளாலேயே ஆன பல கணினிகள் குடியிருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத வாடகைக்காரர்கள். மருந்தகத்துக்கு ஒன்று, வரவேற்புக்கு ஒன்று, ஸ்கேனுக்கு ஒன்று. பெரிய கணினிக்கு உடம்பு முடியவில்லை என்றால், உள்ளே இருப்பவற்றை ஓடுகிற ஓட்டத்திலேயே பக்கத்துக் கணினிக்கு மாற்ற வேண்டும். நினைவில் இருப்பதை நகல் எடுத்து, அதற்குள் மாறிப்போனதை மறுபடி எடுத்து, கடைசியில் கண் இமைக்கும் நேரம் நிறுத்தி, அங்கே ஓடவிட வேண்டும். டாக்டர் மருந்தின் பெயரைப் பாதி அடித்திருப்பார். மீதியை அடிக்கும்போது அது வேறு இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அவருக்குத் தெரியவே தெரியாது. அதில்தான் பூனைக்கு அப்படி ஒரு கர்வம்.

அதே கர்வத்தில்தான் அப்பாவையும் மாற்றினாள்.

அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு தனியாக இருந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்து, யாரும் வருவதற்குள் பாதி நாள் ஈரத்தரையிலேயே கிடந்தார். இடுப்பில் ஆபரேஷன் முடிந்து அவர் படுத்திருந்தபோது, பூனை அவர் அறையை அப்படியே தன் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டாள். கட்டில் அதே சுவரோரம், காலண்டர் அதே உயரத்தில், ரேடியோவில் அதே நிலையம். தலையணை உறையைக்கூடத் துவைக்கவில்லை, வாசனை மாறிவிடக் கூடாதாம். இவ்வளவு யோசித்தவளுக்கு அவரிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இங்கே வந்த அப்பா அறையைச் சுற்றிப் பார்த்தார். மறுநாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி ஊன்றுகோல் கையில். அன்றிலிருந்து தூங்கப் போகும்வரை செருப்பு காலைவிட்டு இறங்குவதில்லை.

"எங்கயாவது போகணுமாப்பா?"

"எங்கயும் இல்லம்மா."

அவர் தனியாகக் கிளம்பிப்போய் எங்காவது மறுபடி விழுந்துவிடுவாரோ என்று பூனைக்கு வேலையில் மனசு நிலைகொள்ளவில்லை. ஏற்கனவே காலில் சக்கரம் கட்டிக்கொண்டவள், இப்போது கேட்கவே வேண்டாம். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் கணவனுக்கு ஓயாமல் போன் போட்டாள்.

"கதவு வரைக்கும் போனார். கூப்பிட்டேன், திரும்பி வந்து உக்காந்துட்டார்" என்றான் அவன்.

இந்த லட்சணத்தில்தான் பெரிய கணினி ஒன்று சூடேறி இரைய ஆரம்பித்தது. நோயாளிகள் வரிசை வாசலைத் தாண்டி நிற்கிற நேரம். பூனை ஒவ்வொன்றாக மாற்றினாள். எல்லாம் போயின, ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கணினி மட்டும் நகர மாட்டேன் என்றது. அதன் மென்பொருள் ஓட பென் டிரைவ் மாதிரி ஒரு சின்னச் சாவி வேண்டும். நகம் அளவுதான். அது இந்தப் பெரிய கணினியின் முதுகில் செருகியிருந்தது. செருகியவளே இவள்தான், மறந்துபோனாள். இனி நிறுத்தித்தான் மாற்ற முடியும். நிறுத்த வேண்டுமென்றால் கேட்டாக வேண்டும்.

பரிசோதனைக் கூடத்துப் பொறுப்பாளரை எல்லோரும் லேப் அக்கா என்பார்கள்.

"அக்கா, உங்க கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் நிறுத்திக்கட்டுமா?"

"அதிசயமா இருக்கே. நீ கேட்டுக்கூடச் செய்வியா?"

"சொல்லாம செஞ்சா உங்களுக்குத் தொந்தரவு இல்லியே, அதான் கேக்கறதில்ல."

"தொந்தரவு இல்லதான். ஆனா அதுல உக்காந்து வேலை பாக்கறது நான். ஒரு வார்த்தை கேட்டா மாட்டேன்னா சொல்லப் போறேன்? இந்த சாம்பிள் முடியட்டும், நிறுத்திக்கோ."

வேலை நல்லபடியாகவே முடிந்தது. ஆனால் லேப் அக்கா சொன்னது பூனையின் காதிலேயே நின்றது. அவசரமாக லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

அப்பா நாற்காலியில் இருந்தார், காலில் செருப்போடு. அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா, உங்களை நான் கேக்கவே இல்ல."

"இல்ல."

"கேட்டா வேணாம்னுடுவீங்களோன்னு பயம்."

"வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"இப்ப கேக்கறேன். எங்ககூட இருக்கீங்களா?"

"மாட்டேன்னு சொன்னா?"

அந்த ஈரத்தரை அவள் கண்முன் வந்தது. பழைய வீட்டை இன்னும் காலி செய்யவில்லை. சாவி அவள் பையில்தான் இருந்தது. அதை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"கொண்டுபோய் விட்டுடறேன். தினம் வந்து பாத்துக்கறேன்." சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

அப்பா சாவியைப் புரட்டிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அந்தக் கட்டிலை ஜன்னலோரம் திருப்பிப் போடு" என்றார். "பழைய ரூம்ல ஜன்னல் இல்ல, சுவத்தப் பாத்துப் படுத்தேன். இங்கயும் எதுக்கு?"

குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா இரண்டு கால்களையும் அவள் பக்கம் நீட்டினார். பூனை செருப்பைக் கழற்றினாள்.