யானைக்கு எடுத்து வைத்த தோட்டா

தயிர்சாதம் சாப்பிட்டு வளர்ந்தவனுக்குத் துப்பாக்கிக் கடையில் வேலையா என்று உறவுக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தொண்ணூறுகளில் எங்கள் கல்கத்தா கடையில் எந்த மிருகத்துக்கு எந்தத் தோட்டா என்று கேட்டால், என்னைத்தான் கைகாட்டுவார்கள். நான் ஒரு கொசுவைக்கூட ஒழுங்காக அடித்ததில்லை. படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதுதான் எல்லாம்.

வேட்டைக்குத் தடை இருந்த காலம். ஆளைக் கொல்லும் யானையைச் சுட மட்டும் வனத்துறை எப்போதாவது உத்தரவு கொடுக்கும். அப்படி ஓர் உத்தரவோடு டாலிகஞ்சிலிருந்து ஒரு வங்காளிப் பெரியவர் வந்தார். தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிறுத்தை சுட்டிருக்கிறார், யானை இதுதான் முதல். அவருக்குப் பொறுமையாக விளக்கினேன். சிறுத்தைக்கு சாஃப்ட் நோஸ். அதன் முனையில் ஈயம் வெளியே தெரியும், பட்டதும் விரிந்துவிடும். யானையின் மண்டை எலும்பில் அது பாதியிலேயே சப்பையாகி நின்றுபோகும். யானைக்கு முனைவரை உலோக உறை போட்ட சாலிட்தான் வேண்டும்.

கடையில் ஒரே ஒரு பெட்டி சாலிட் இருந்தது. அதை ஓர் உறையில் போட்டு, எங்கள் கடை வழக்கப்படி, மிருகத்தின் பெயரை என் கையால் எழுதி ஒட்டிவைத்தேன். மறுநாள் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனார். மறுநாள் எனக்குக் காய்ச்சல். பெஹாலா வீட்டில் படுத்துக் கிடந்தேன். மேனேஜர்தான் உறையை எடுத்துக் கொடுத்தார். அவர் எங்கள் பாலக்காட்டுக்காரர், என்னை அந்த வேலையில் சேர்த்துவிட்டவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன்.

மூன்று வாரம் கழித்துப் பெரியவர் வந்து, யானையின் மண்டையிலிருந்து எடுத்த சப்பையான ஓர் ஈயக் குண்டை மேசைமேல் வைத்தார். யானை முதல் குண்டுக்கு விழவில்லையாம். தடம் காட்டப் போனவரை மிதித்துவிட்டது. உயிர் இருக்கிறது, கால்கள் இல்லை.

"தோட்டாவைப் போடும்போதே முனையில ஈயம் தெரிஞ்சுது, மொஷாய். உறைமேல உங்க எழுத்து இருந்துது. நீங்க எடுத்து வெச்சது தப்பா இருக்காதுன்னு சுட்டேன்" என்றார் வங்காளியில்.

நான் மேனேஜரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "மனுஷன்தானே, தப்பு வரும். இவனை நான் கண்டிச்சாச்சு. நீங்களும் பெரிய மனசு பண்ணி மன்னிச்சுடணும்" என்று வங்காளியிலேயே சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் எழுந்து வெளியே போனார்.

"அண்ணா, நான் சாலிட்தானே வெச்சேன்?"

"ரைஃபிள் கிளப் செகரட்டரி கேட்டார்டா. அவருக்கு இல்லேன்னு சொல்ல முடியுமா? அதான் உறைல இருந்ததை அவருக்குக் குடுத்துட்டு வேற போட்டேன். முடிஞ்சதை விடு. உன் வேலை போகாம பாத்துண்டேனோல்லியோ?"

அந்தச் செகரட்டரி அட்டையில் வரைந்த வட்டத்தைத் தவிர எதையும் சுட்டவரில்லை. நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதை அன்றைக்குத்தான் அனுபவித்தேன்.

படியிறங்கி ஓடினேன். பெரியவர் டாக்சியை நிறுத்திக்கொண்டிருந்தார். நடந்ததை மூச்சிரைக்கச் சொன்னேன். நான் வைத்தது அந்தத் தோட்டா இல்லை, மாற்றியது மேனேஜர் என்றேன்.

முழுவதும் கேட்டார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவர் உள்ளே உங்களுக்காக மன்னிப்புக் கேட்டார். நீங்க வெளியே வந்து அவரைக் காட்டிக் கொடுக்கறீங்க" என்று சொல்லி டாக்சியில் ஏறிக்கொண்டார்.